புளி போட்டுத் துலக்கிய தோட்டாக்கள்

என் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த சீரில் கட்டில், பீரோ, பித்தளை அண்டா எல்லாம் எனக்கு. துப்பாக்கி மட்டும் மாப்பிள்ளைக்கு. கால் அங்குலக் குழல் வைத்த சின்ன வேட்டை ரைபிள். அப்பாவுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்ததால், மகளைக் கொடுத்த கையோடு அதையும் கொடுத்துவிட்டார். இரண்டில் எதைக் கொடுக்கும்போது அவர் கண் கலங்கியது என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

கறம்பக்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கடலைக் கொல்லை இருந்தது. கொல்லையை ஒட்டி முந்திரிக்காடு. கடலை முற்றத் தொடங்கினால் காட்டுப்பன்றிகள் அங்கிருந்து குடும்பத்தோடு வந்து பறித்துத் தின்னும். அதனால் துப்பாக்கிக்கு வேலை இருந்தது, என் வீட்டுக்காரருக்குப் பெருமையும் இருந்தது. பிறகு யுத்தம் வந்தது. கடைகளில் சீமைத் தோட்டா வருவது நின்றது. திருச்சியில் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். வேறு ஆளாக இருந்தால் துப்பாக்கியைக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டு, வந்தவர் போனவரிடம் பழைய கதை பேசியிருப்பார். இவர், தோட்டாவை நானே செய்கிறேன் என்று கிளம்பினார். என் அடுப்பங்கரைக்கு அன்றைக்குப் பிடித்தது சனி.

சுட்டுப்போட்ட பித்தளைக் கூடுகளை அவர் ஒன்று விடாமல் பொறுக்கி வைத்திருந்தார். கூட்டின் அடியில் செத்துக் கிடக்கும் கேப்பை, அதாவது வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொட்டைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுக் கேப்பு பதிக்க வேண்டும். உள்ளே மருந்தை நிறுத்துப் போட வேண்டும். வாயில் ஈயக் குண்டைச் செருகி, ஈரம் இறங்காமல் சுற்றிலும் தேன்மெழுகு வைத்து அடைக்க வேண்டும். கேட்பதற்குக் கொழுக்கட்டை பிடிப்பது போலத்தான் இருக்கும். ஆனால் ஈயம் உருகியது என் குழிக்கரண்டியில். அந்தக் கரண்டியை அன்றோடு தலைமுழுகினேன். மருந்து நிறுத்தது ஆசாரியிடம் இரவல் வாங்கிய நகைத் தராசில். எடைக்கல் குன்றிமணி. அவர் தராசைப் பிடித்திருக்கும்போது நான் முந்தானையை உதறக் கூடாது, வேகமாக நடக்கக் கூடாது, தும்மவும் கூடாது. மாமியார் இல்லாத வீடு என்று பார்த்துத்தான் என்னைக் கொடுத்தார்கள். அந்தக் குறையைத் தராசு தீர்த்து வைத்தது.

மருந்து, கோயில் திருவிழாவுக்கு வாணம் கட்டுகிறவரிடமிருந்து வந்தது. அதை மொட்டைமாடியில் என் வடகத்துக்குப் பக்கத்திலேயே காயப்போடுவார். காக்கை வந்தால் மருந்துப் பக்கம் வருவதை மட்டும் விரட்டுவார், வடகத்தைக் கண்டுகொள்ளமாட்டார். இந்தச் சனியன் எப்போது வீட்டை விட்டுத் தொலையும் என்று நான் கேட்காத நாள் இல்லை. அவர் பதிலே சொல்லமாட்டார். பதில் சொன்னால் மூச்சுக்காற்றில் தராசு ஆடும்.

தொலைவதற்கு வழியும் வந்தது. ஆடி மாதத்தில் அப்பா வந்தார், கூடவே என் தங்கை வீட்டுக்காரரும் வந்தார். அவருக்கு விராலிமலை. பெரிய ரோட்டில் பஸ், லாரிக்காரர்களோடு பழக்கம் உள்ளவர். அப்பா ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், அது முடிவதற்கு முன்பே அவர் தலையாட்டி முடித்துவிடுவார். மதுரைப் பக்கம் சொல்லிவைத்தால் எப்படியும் தோட்டா வரும் என்று அவர் அப்பா காதில் போட, அப்பா என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

“தோட்டா இல்லாத வீட்டுல துப்பாக்கி எதுக்கு மாப்பிளே? சாத்தி வைக்கத்தான் ஒலக்கை இருக்கே.”

தோட்டா நானே செய்கிறேன் என்று இவர் சொன்னதும் அப்பா சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆயுத பூஜைக்கு வருவேன், மறுநாள் என் கண்ணெதிரே உங்கள் கைத் தோட்டாவில் ஒரு பன்றி விழட்டும், விழாவிட்டால் துப்பாக்கி விராலிமலைக்குப் போகும், லைசென்சு மாற்றுவது என் பொறுப்பு என்று முடிவாகச் சொல்லிவிட்டார். அப்பா பேச்சு மாறாதவர். அதில் அவருக்கு இருந்த கர்வத்துக்கு அளவே கிடையாது.

அன்று என் மனம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. சின்ன வயதிலிருந்து என் பாவாடை, என் வளையல், என் ஜன்னலோரம் எல்லாம் அழுது வாங்கிக்கொண்டவள் என் தங்கை. இப்போது அழாமலே துப்பாக்கியும் அவள் வீட்டுக்குப் போவதா? எனக்கு வேண்டாத பொருள்தான். வேண்டாத பொருளுக்கும் ஒரு மரியாதை உண்டு. அன்றிலிருந்து தராசைத் தாண்டும்போது நானே அடியெடுத்து மெல்ல நடந்தேன்.

கேப்பு கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அத்தனையையும் போட்டுத் தோட்டாக்களைச் செய்து முடித்தார். மெழுகு அடைத்து, துணியில் உருட்டி, ஒரு டப்பாவில் அடுக்கினார். தீக்குச்சி அடுக்குகிறவன் கூட அவ்வளவு ஒழுங்காக அடுக்கமாட்டான்.

ஆயுத பூஜையன்று காலையில் அப்பாவும் சின்ன மாப்பிள்ளையும் வந்து இறங்கினார்கள். என் வீட்டுக்காரர், மறுநாள் பன்றி கலைக்க ஆள் சொல்லக் கொல்லைப் பக்கம் போயிருந்தார். நான் அடுப்பங்கரையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். பூஜைக்கு எடுத்து வைத்திருந்த அரிவாள், மண்வெட்டி, துப்பாக்கி எல்லாவற்றையும் அப்பா மேற்பார்வை பார்த்தார். தோட்டா டப்பாவைத் திறந்தவருக்கு மனம் ஒப்பவில்லை. பித்தளைச் சாமானை மங்கலாக யாராவது சாமி முன்னால் வைப்பார்களா? நம் வீடுகளில் விளக்குக்கு என்ன செய்வோமோ அதையே அவரும் செய்தார். நான் சுண்டலைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்தபோது, கிணற்றடியில் ஒரு பேசின் நிறையப் புளித்தண்ணீர். அதில் என் வீட்டுக்காரரின் தோட்டாக்கள் அத்தனையும் ஊறிக்கொண்டிருந்தன. அப்பா தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயைச் சுற்றி இருந்த தேன்மெழுகைப் பிசுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார். சின்ன மாப்பிள்ளை பக்கத்தில் நின்று தண்ணீர் மொண்டு ஊற்றினார்.

“பாத்தியாம்மா, தங்கமாட்டம் இருக்கு” என்றார் அப்பா.

என் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். பேசினைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் மட்டும்தான் பார்த்தேன்.

“நல்லா மின்னுது மாமா” என்றார்.

அவ்வளவுதான். ஒரு சொல் கூடுதலாக இல்லை. அடுப்பங்கரைக்கு வந்து, மெழுகு போன வழியே மருந்துக்கு ஈரம் இறங்கியிருக்கும் என்றார். பிரித்துக் காயவைக்கவும் முடியாது. அதற்குள் அப்பா தோட்டாக்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டார். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை வரை தொடக் கூடாது. நான் கொதித்தேன். போய் அப்பாவிடம் நாலு வார்த்தை கேட்கிறேன் என்று கிளம்பியவளைக் கையைப் பிடித்து நிறுத்தினார். “பெரியவரு. ஆசையாத் தேய்ச்சிருக்காரு. விடு” என்றார். அவர் மேல் எனக்கு வந்த கோபத்தில் சுண்டலுக்கு உப்புப் போட மறந்தேன். சின்ன மாப்பிள்ளை அதையும் பிரமாதம் என்று சொல்லிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையிலிருந்து தோட்டாக்கள் வெயிலில் காய்ந்தன. மேலே காய்ந்து என்ன செய்ய? வெயில் சாய்ந்ததும் எல்லோரும் வண்டி கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனோம். பொம்பளைக்கு அங்கே என்ன வேலை என்று அப்பா கேட்டார். என் சீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டாமா என்று கேட்டு வண்டியில் ஏறிக்கொண்டேன். அப்பாவின் வெள்ளிக் கூஜாவில் காப்பி வந்தது. அதைச் சின்ன மாப்பிள்ளை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இதை நான் ஜோடித்துச் சொல்லவில்லை, உண்மையிலேயே தூக்கிக்கொண்டு வந்தார்.

ஆட்கள் முந்திரிக்காட்டுக்குள் தகரம் தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய பன்றி வெளியே வந்து, எங்களைப் பார்த்தும் பார்க்காதது போலக் கடலையைத் தோண்ட ஆரம்பித்தது. இவர் குறி பார்த்து விசையை இழுத்தார். டிக் என்றது. குழலைத் திருப்பாமல் சிறிது நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டு, அந்தத் தோட்டாவை எடுத்துத் தூரமாக வைத்தார். அடுத்தது போட்டார். டிக். அதற்கடுத்ததும் டிக். பன்றி நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தது. தோண்டுவதை நிறுத்தவில்லை.

அப்பா தொண்டையைச் செருமினார். துப்பாக்கியைச் சின்ன மாப்பிள்ளையிடம் கொடுங்கள், கை மாறினால் ராசி மாறும் என்றார். என் வீட்டுக்காரர் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தார். கூஜாவை வண்டி நுகத்தடியில் மாட்டிவிட்டுச் சின்ன மாப்பிள்ளை அதை வாங்கிக்கொண்டார். ஒரு தோட்டாவைப் போட்டு, கண்ணைச் சுருக்கி, இழுத்தார்.

டிக்.

“அப்படியே வச்சிருங்க சகலை, திருப்பாதீங்க” என்று இவர் சொல்வதற்குள், “இது எங்க சுடப்போகுது மாமா” என்று அவர் துப்பாக்கியோடு அப்பா பக்கம் திரும்பத் தொடங்கிவிட்டார். என் வீட்டுக்காரர் பாய்ந்து குழலை அப்பால் தள்ளிவிட்டார். ஈர மருந்து அப்போதுதான் யோசித்து முடித்தது. காது அடைக்கிற சத்தம், கண்ணை மறைக்கிற புகை. புகை விலகியபோது கூஜாவின் இரண்டு பக்கத்திலிருந்தும் காப்பி கொட்டிக்கொண்டிருந்தது. மாடுகள் வண்டியோடு ஊரைப் பார்த்து ஓட ஆரம்பித்தன. அப்பா கடலைச் செடி மேல் உட்கார்ந்திருந்தார், உடம்பில் ஒரு கீறல் இல்லை. பன்றி மட்டும் போய்விட்டிருந்தது.

அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அப்பா எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, தோட்டாவில் என்ன கோளாறு என்று கேட்டார். அவர் மருமகன்கள் இருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் மரியாதைக்கு, மற்றவர் பயத்துக்கு.

“நேத்து நீங்க புளி போட்டுத் தேச்சீங்களேப்பா, அதான்” என்றேன்.

அப்பா தன் நகங்களைப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் சொன்ன சொல்லை விடுகிறவரா அவர்? பன்றி விழவில்லை, அதனால் துப்பாக்கி விராலிமலைக்குத்தான் என்றார். சின்ன மாப்பிள்ளை அதைப் பாம்பைப் பிடிப்பது போல உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி என் முன்னால் வந்து நீட்டினார்.

“எங்களுக்கு வேணாம் மதினி. சுடச் சொன்னா சுடமாட்டேங்குது, சும்மா இருந்தா சுடுது. புள்ளகுட்டி இருக்குற வீடு.”

அவர் அப்பா பேச்சுக்குத் தலையாட்டாதது அது ஒரு தரம்தான். அப்பா என்னைப் பார்த்தார். இதைக் கண்டாலே உனக்கு ஆகாதே, பேசாமல் ஆற்றில் போட்டுவிடலாமா என்று கேட்டார். இத்தனை வருஷமாக நான் காத்திருந்த கேள்வி அது. தலையை ஆட்டினால் போதும்.

“எங்க வீட்டுலயே இருக்கட்டும்ப்பா” என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

வண்டி ஓடிவிட்டதால் எல்லோரும் நடந்தே திரும்பினோம். அப்பாவும் சின்ன மாப்பிள்ளையும் முன்னால் போனார்கள். என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டார்.

“வேண்டாதது ஆனாலும் அவ வீட்டுக்குப் போறதா?” என்றேன்.

மாமனார் முன்னால் போகிறார் என்பதையும் மறந்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் சொன்னதில் பாதிதான் உண்மை. மெழுகெல்லாம் சுரண்டிப் போட்ட பிறகும் “நல்லா மின்னுது மாமா” என்று சொன்ன மனுஷனின் கையிலிருந்து அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பாதியை அவரிடம் நான் கடைசி வரை சொல்லவில்லை.