உள்ளங்கையில் துடித்த கட்டி

போன வாரம் எதிர்வீட்டு ஸ்டெல்லா ஒரு புது பிளேடு கேட்டு வந்தார். துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் கணவர் ஆரோக்கியசாமிக்கு உள்ளங்கையில் கட்டியாம். மஞ்சள் பற்று போட்டுப் போட்டுப் பழுக்கவைத்துவிட்டார்களாம்.

"விண்ணு விண்ணுனு தெறிக்குதுங்க சார். கீறி விட்டா சரியாயிடும்."

பிளேடைக் கொடுத்துவிட்டு நானும் கூடவே போனேன். மருத்துவக் கல்லூரியில் ரேடியாலஜி சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை?

ஆரோக்கியசாமி கூடத்தில் காபி டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கை ஆடவில்லை. ஆனால் காபி ஆடியது... சீராக, வட்டம் வட்டமாக.

கையை வாங்கிப் பார்த்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கை மேட்டில், கோலிக்குண்டு அளவில் ஒரு வீக்கம். விரல் வைத்தேன். அது என் விரலைத் தள்ளியது. பழுத்த கட்டி, வைத்திருப்பவருக்குத்தான் தெறிக்கும். தொடுகிறவனை எதற்குத் தள்ள வேண்டும்?

"அவரு தூங்கினாலும் அது தூங்காதுங்க சார்" என்றார் ஸ்டெல்லா. "என் தோள்ல கை போட்டாருன்னா, உள்ள வேற யாரோ இருந்து தட்டுற மாதிரி இருக்கு."

துபாயில் அவருக்கு டைல்ஸ் பதிக்கும் வேலை. ரப்பர் சுத்தியலைத் தொடமாட்டாராம். உள்ளங்கை மேட்டாலேயே தட்டி லெவல் பண்ணுவார், போர்மேனே மெச்சுவாராம். அந்த மேட்டுக்கு அடியில்தான் ஒரு தமனி ஓடுகிறது. வருஷக்கணக்கில் அடி வாங்கிச் சுவர் தளர்ந்து, பலூனாக உப்பியிருந்தது. கீறியிருந்தால் பீறிட்டிருப்பது சீழ் அல்ல, ரத்தம்.

சொன்னேன். ஸ்டெல்லா பிளேடைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

ஆரோக்கியசாமியின் கவலை வேறு. "விரலு தப்பிக்குமா சார்? கை இல்லாதவனுக்கு யாரு விசா குடுப்பா?"

நியாயமான கேள்விதான். உப்பிய குழாயை அடைத்தால், கட்டைவிரல் பக்கத்துத் தமனி ஒன்றே முழுக் கைக்கும் ரத்தம் தரவேண்டும். தருமா? மணிக்கட்டில் இரண்டு தமனிகளையும் அழுத்தி, கையை மூடித் திறக்கச் சொன்னேன். கை பிணத்தின் கைபோல வெளுத்தது. கட்டைவிரல் பக்கத்தை மட்டும் விட்டேன். சிவப்பு மெல்லப் பரவி, மூன்று விரல்களைக் கடந்து நின்றது. கடைசியில், மனசில்லாமல் வருவது போல, சுண்டுவிரலுக்கும் வந்தது.

மறுநாள் திருச்சியில் என் பழைய மாணவர் ஒருவர் வேலையை முடித்தார். கத்தியே இல்லை. முழங்கை மடிப்பில் ஊசித் துளை, அதன் வழியாக நூல் போல ஒரு குழாய். எக்ஸ்ரேயில் தெரியும் மருந்து ஏறியதும் கையின் ரத்தக்குழாய்கள் திரையில் தெரிந்தன: இலை உதிர்ந்த கருப்பு மரம், கிளையில் ஒரு பழம். பழத்துக்கு முன்னும் பின்னும் பிளாட்டினச் சுருள்களை வைத்து அடைத்தார். பழம் மறைந்தது. விரல்கள் சிவப்பாகவே இருந்தன. ஆரோக்கியசாமி விழித்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பளபளக்கும் அந்நியத் தரைகளுக்கு அடியில் இன்னும் எத்தனை உள்ளங்கைகள் துடிக்கின்றனவோ!

நேற்று ஸ்டெல்லா வந்தார். கை நன்றாக மடங்குகிறது, சுத்தியல் இல்லாமல் வேலை செய்ய மாட்டேன் என்று சத்தியம்கூட வாங்கியாகிவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தோள்ல கை போட்டாரு சார். ஒண்ணுமே தட்டல. பயமா இருக்கு."

நல்ல கை அப்படித்தான் இருக்கும் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை... அவர் போனதும் நான் என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.