மரச்சீனி ராக் குழுவின் ராகேல்

ராகேலுக்குக் கால் தப்பும், கை தப்பாது. 2006-ல் குழித்துறைக்குப் பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் அவள் பதினோராம் வகுப்புச் சேர்ந்தபோது, அணிவகுப்பு பேண்டு செட்டின் சைடு டிரம்மை விளையாட்டு ஆசிரியரான பிடி சார் அவள் கழுத்தில் மாட்டினார். இடது கால் வைக்க வேண்டிய இடத்தில் வலது காலை வைப்பாள். ஆனால் குச்சி விழுகிற இடம் மட்டும் கடிகாரம் மாதிரி இருக்கும். பின்னால் வருகிற நாற்பது பேரும் அவள் கையைக் கேட்டு ஒழுங்காக நடந்தார்கள். அவள் காலைப் பார்த்து நடந்தவர்கள்தான் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

அவளுடைய அப்பா இஸ்ரவேலுக்கு ரப்பர் பால் வெட்டுகிற வேலை. வீட்டுக்குப் பின்னால் சொந்தமாகக் கொஞ்சம் ரப்பரும், ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போட்டு உலர்த்த ஒரு புகைப்புரையும் உண்டு. வீட்டில் ராகேலும் அப்பாவும் மட்டும்தான். அம்மா சவுதியில் நர்சாக இருந்தார்.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம், சோற்றுப் பாத்திரம் கழுவுகிற குழாயடியில் ஜிபின் அவளிடம் வந்து நின்றான். அவன் அவளோடு படிக்கிறவன். குவைத்திலிருந்து மாமா கொண்டுவந்த எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று அவனிடம் இருந்தது. கூடவே அவன் சிநேகிதன் டிஜோ. டிஜோவிடம் இருந்தது சாதாரணக் கிட்டார்தான். அதில் மெல்லிய கம்பிகள் இரண்டைக் கழற்றிவிட்டு, இனி இது பேஸ் கிட்டார் என்று அவன் அறிவித்திருந்தான்.

"நாங்க ஒரு பேண்டு தொடங்குதோம். டிரம்ஸுக்கு ஆளு வேணும்," என்றான் ஜிபின்.

"அதுக்கு நான் எதுக்கு?"

"உனக்க கை தப்பாதுன்னு பிடி சாரே பறஞ்சாரு."

"வாறேன். ஆனா கறுப்பு உடுப்பெல்லாம் போட மாட்டேன், கேட்டியா?"

கறுப்பு உடுப்புத்தான் ஜிபின் திட்டத்தின் முதல் பக்கம். அவன் அதைக் கிழித்துப் போட வேண்டியதாயிற்று.

டிரம்ஸ் என்று ஒன்று அந்தப் பக்கத்தில் எந்தப் பள்ளியிலும் கிடையாது. பேண்டு செட்டின் பெரிய டிரம்மைப் படுக்க வைத்து, பழைய தையல் மிஷின் மிதியைக் கொண்டு அதைக் காலால் மிதித்து அடிக்கும்படி செய்து கொடுத்தார் இஸ்ரவேல். சிம்பலுக்குப் பதில், ரப்பர் பால் உறையவிடுகிற அலுமினியத் தட்டு. கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு அடித்தால் சளீரென்று ஒரு சத்தம் வரும். அடுத்த வீட்டுக் கோழிகள் முட்டையிடுவதைத் தள்ளிப்போட்டதாகப் புகார் வந்தது.

பயிற்சி புகைப்புரையில். மழைக்காலத்தில் பால் வெட்ட முடியாது. அறை காலியாகக் கிடக்கும். மழை விட்டபின் ஷீட்டுகள் வந்துவிட்டன. அவற்றுக்கு நடுவே, துணிக்கொடிக்குள் நுழைகிற மாதிரிக் குனிந்து நுழைந்து வாசித்தார்கள். ஒரு வாரத்தில் ஜிபினுடைய அம்மா ஞானசெல்வி அவன் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு நேரே இஸ்ரவேல் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, இஞ்ச வச்சு பிள்ளைங்க என்ன வலிக்குதுவ? பீடியா, சிகரெட்டா?"

இஸ்ரவேல் புகைப்புரையின் கதவைத் திறந்து காட்டினார். ஞானசெல்வி உள்ளே தலையை நீட்டினார். இருமினார். டிஜோ உள்ளேயிருந்து மரியாதையாக, "வாங்க மாமி," என்றான். அன்றிலிருந்து பயிற்சிக்குப் பால் விடாத கட்டன்சாயா ஞானசெல்வி வீட்டிலிருந்து வந்தது.

இஸ்ரவேல் வாசலில் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் கேட்பார்.

"இது எந்த வகைப் பாட்டு மக்கா?"

"ஆல்டர்நேட்டிவ் ராக், மாமா," என்றான் ஜிபின்.

"ஆல்டர்நேட்டிவ்னா?"

"மாற்று."

"எதுக்கு மாற்று?"

ராகேல் தலை நிமிராமல் சொன்னாள்: "நல்ல பாட்டுக்கு."

இஸ்ரவேலுக்கு ஒரே ஒரு குறைதான். பாட்டு தொடங்குகிறது, போகிறது, ஆனால் முடிவதில்லை. யாராவது ஒருவருக்கு அலுக்கும்போது நின்றுபோகிறது. "எங்கேயாவது கொண்டு இறக்கணும் மக்கா. பாதி வழியில இறக்கிவிட்டா ஆளுக எப்படி வீட்டுக்குப் போவும்?" என்பார். அதை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

ஜனவரியில் ஆண்டு விழா. பெயர் கொடுக்கிற படிவத்தில் குழுவின் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது. ஜிபின் கையில் பன்னிரண்டு ஆங்கிலப் பெயர்கள். எதுவும் மற்ற இருவருக்கும் பிடிக்கவில்லை. பிடி சார் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவித்த மரச்சீனிக் கிழங்கை வாயில் வைத்திருந்த ராகேல், "மரச்சீனின்னு எழுதுங்க சார்," என்றாள். எழுதிவிட்டார். மரவள்ளியின் பெயரில் உலகத்திலேயே ஒரு ராக் குழுதான் இருந்திருக்க வேண்டும்.

அன்றைய பாட்டு ஆங்கிலத்தில், தனிமையைப் பற்றி ஜிபின் எழுதியது. ஒன்பது பேர் இருக்கிற வீட்டில் ஒரு நாள்கூடத் தனியாகத் தூங்கியிராதவன் அவன். தொடக்கம் நன்றாகத்தான் போயிற்று. நான்கு நிமிடத்தில் சொற்கள் தீர்ந்தன. முடிப்பது எப்படி என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி பதினோரு நிமிடம் வாசித்தார்கள். அடுத்து நடனமாட வேண்டிய ஏழாம் வகுப்புக் குழந்தைகள் மயிலிறகோடு ஓரத்தில் அழத் தொடங்கியதும், பிடி சார் போய் மேடையின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டார்.

கிட்டார்கள் செத்தன. மைக் செத்தது. டிரம்முக்கு ஏது மின்சாரம்? கண்ணை மூடிக்கொண்டிருந்த ராகேல் இன்னும் அடித்துக்கொண்டிருந்தாள். தனக்குப் பக்கத்தில் சத்தமே இல்லை என்று அவளுக்கு உறைக்க அரை நிமிடம் ஆயிற்று. கண்ணைத் திறந்தாள். மொத்தப் பள்ளியும் அவளையே பார்த்தது. வெட்கப்பட்டு நிறுத்தலாம், அவள் நிறுத்தவில்லை. வேகத்தைக் கூட்டி, உருட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, கடைசியாக அந்த அலுமினியத் தட்டில் ஓங்கி ஒன்று போட்டாள். கயிறு அறுந்து தட்டு உருண்டு தலைமையாசிரியர் காலடியில் போய் விழுந்தது. அதுதான் முடிவு. கைதட்டு அடங்க நேரமாயிற்று.

அதற்குப் பிறகு வந்தவை தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு ஆண்டுகள். மற்ற பாட்டுக் குழுக்கள் ஜெனரேட்டருக்கு அலைந்தபோது, மரச்சீனியைத் தேடி ஆள் வந்தது. ஆலய வாலிபர் கூட்டம், கல்லூரி விழா, கொட்டாரத்தில் ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு, எங்கே போனாலும் நடுவில் கரண்டு போகும். ராகேல் ஒற்றை ஆளாக மேடையைப் பிடித்து வைத்திருப்பாள். கரண்டு வந்ததும் ஜிபின் பாடத் தொடங்குவான். "அந்தப் பிள்ளையே அடிக்கட்டும்!" என்று சில இடங்களில் கூட்டம் கேட்டதுண்டு. ஜிபின் அதைச் சிரித்துக்கொண்டே ஏற்பான். இரண்டு நாள் யாரோடும் பேச மாட்டான்.

மூவரும் கல்லூரிக்குப் போனார்கள். பையன்கள் பொறியியல், ராகேல் இயற்பியல். 2009-ல் ஜிபின் முதல் தடவையாக ஊர்த் தமிழில் ஒரு பாட்டு எழுதினான். காலையில் கைகாட்டியும் நிற்காமல் போகிற பஸ்ஸைப் பற்றியது. 'நிக்காத வண்டிக்கு எனக்க கை எதுக்கு' என்று தொடங்கும். காதல் பாட்டு என்று பாதிப் பேர் நினைத்தார்கள். "நாங்களும் அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டோம்," என்று டிஜோ பிறகு சொன்னான்.

அந்தப் பாட்டோடு சென்னையில் ஒரு போட்டிக்குப் போனார்கள். நடுவர் மிகவும் பாராட்டினார்.

"நல்லா இருந்துச்சு. மலையாளத்துல பாடினதுதான் புதுமை."

"சார், அது தமிழாக்கும்," என்றான் ஜிபின்.

"பாத்தீங்களா, பேசும்போதும் மலையாளம்தான் வருது!"

அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் போட்டி. அங்கே அறிவிப்பாளர் அவர்களைத் தமிழ் பேண்டு என்று அறிமுகப்படுத்தினார். பாட்டு முடிந்ததும் கூட்டம் குத்துப்பாட்டு ஒன்று கேட்டது. திரும்பி வருகிற ரயிலில் டிஜோ கேட்டான்: "ஏலே, நாம எந்த ஊருக்காரங்க?" "எல்லை தாண்டட்டும், பாறசாலை போனப்புறம் சொல்லுதேன்," என்றாள் ராகேல்.

ஆனால் திருவனந்தபுரத்தில் இரண்டாம் பரிசு கிடைத்தது. ஒரு ஸ்டுடியோவில் இரண்டு நாள் இலவசமாக ஒலிப்பதிவு. ஐந்து பாட்டுகள். 2011-ல் முந்நூறு சிடி போட்டு மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கொடுத்தார்கள். அட்டையில் ராகேல், ஜிபின், டிஜோ என்ற பெயர்களைப் பார்த்த கடைக்காரர், இது கிறிஸ்தவப் பாடல் என்று முடிவுகட்டி அந்த வரிசையில் வைத்துவிட்டார். சிடி நன்றாக விற்றது. ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தில் போட்டுக் கேட்டுவிட்டு ஒரு போதகரின் மனைவி ராகேலுக்குப் போன் செய்தார்.

"மக்களே, அந்த மூணாம் பாட்டு எந்த வசனத்துல வருது?"

மூன்றாம் பாட்டு பஸ். ராகேலுக்குப் பொய் வராது. "வசனமில்ல மாமி, வண்டி நிக்காததைப் பத்தி," என்றாள்.

"அதுவும் செரிதான். கர்த்தர் நிப்பாரு," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் போதகரின் மனைவி.

2012-ல் ராகேல் தேர்வெழுதித் தபால் நிலையக் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். மறு ஆண்டு மார்ச்சில் மதுரையில் பயிற்சிக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த வாரமே பெங்களூரில் ஒரு பெரிய இசை விழாவிலிருந்து மரச்சீனிக்கு அழைப்பு. நாள் இரண்டும் ஒன்று. "இந்தத் தடவை முடியாது, அடுத்த வருஷம் கேளுங்க," என்று விழாக்காரர்களிடம் சொல்லச் சொல்லிவிட்டு ராகேல் மதுரைக்குப் போனாள்.

பையன்கள் பெங்களூருக்குப் போனார்கள், அவளிடம் சொல்லாமல்.

பயிற்சி விடுதியில் ஃபேஸ்புக் படத்தில் அவள் அதைப் பார்த்தாள். ஜிபின் ஒரு பக்கம், டிஜோ ஒரு பக்கம். நடுவில், அவள் உட்கார வேண்டிய இடத்தில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். ஸ்டூல்மேல் தாளம் போடுகிற சின்ன மிஷின். வேறு ஆளை வைத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திராது என்று பிறகு சொன்னாள். அன்று சாப்பிடவில்லை. இரண்டு பேருடைய எண்ணையும் போனிலிருந்து அழித்தாள். மனப்பாடமாகத் தெரிந்த எண்களை அழித்து என்ன பயன் என்று அதற்கும் சேர்த்து அழுதாள்.

எட்டு மாதம் பேச்சில்லை. நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, கவுண்டர் வரிசையில் ஜிபின் நின்றான். முன்னால் பதினான்கு பேர். தன் முறை வந்ததும் ஒரு உறையை நீட்டினான்.

"ரிஜிஸ்டர் தபால்."

பெறுநர் இடத்தில் அவள் பெயர், அவள் வீட்டு முகவரி. ராகேல் முகத்தில் ஒன்றும் காட்டாமல் உறையை எடை போட்டாள்.

"உள்ள என்ன?"

"மன்னிப்பு."

"கடிதமா, அச்சடிச்சதா?"

"கடிதம்தான். கையால எழுதினது."

"பின்கோடு தப்பு. திருத்துங்க. அடுத்த ஆளு வாங்க."

அவன் ஓரமாக நின்று திருத்தி, மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய் நின்றான். அதையும் பொறுமையாகச் செய்தான். பின்னால் நின்ற ஒரு அம்மா, "பாவம் பிள்ளே, எடுத்துக்க," என்று சிபாரிசு செய்யும்படி ஆயிற்று.

மறுநாள் தபால்காரர் வந்தபோது ராகேல் வேலையில் இருந்தாள். இஸ்ரவேல் கையெழுத்துப் போட்டு வாங்கினார். மகள் வந்ததும் பிரித்து, சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தார். பெங்களூரில் இரண்டு பாட்டில் தாளத்தை விட்டுவிட்டதாகவும், மிஷினை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் டிஜோ ஒயரைப் பிடுங்கியதாகவும், உன்னிடம் கேட்டால் வேண்டாம் என்பாய் என்று பயந்துதான் சொல்லவில்லை என்றும், பயந்தது தப்பில்லை, சொல்லாததுதான் தப்பு என்றும் எழுதியிருந்தான். கடைசி வரியில், ஜனவரியில் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகிறேன் என்று இருந்தது.

"மூணு இடத்துல ஒற்று விட்டிருக்கான்," என்றார் இஸ்ரவேல். "பாக்கி கொள்ளாம், நல்லாத்தான் எழுதியிருக்கான்."

ராகேல் கடிதத்தை வாங்கி மறுபடி தனக்குள் படித்தாள். ஜனவரியில் ரயில் நிலையத்துக்குப் போய் அவனை வழியனுப்பினாள். டிஜோ ஏற்கனவே பெங்களூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தான். மரச்சீனி அத்தோடு முடிந்தது. யாரும் அறிவிக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

2015-ல் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஜெயசிங், குழித்துறையில் பேக்கரி வைத்திருந்தான். அவனுடைய அம்மா சாயாக் கோப்பையை எடுத்துக்கொண்டு அன்பாகக் கேட்டார்.

"ஆலயத்துல பாடுவியா மக்களே?"

"பாட மாட்டேன். அடிப்பேன்."

கோப்பை வாய்க்கு எட்டாமல் நின்றது. இஸ்ரவேல் அவசரமாக, "டிரம்ஸ்... டிரம்ஸ்..." என்றார். ஜெயசிங் மட்டும் வாய்விட்டுச் சிரித்தான். அவனுக்கு இசை சுத்தமாக வராது. அதை முதல் நாளே ஒப்புக்கொண்டான். கல்யாணம் நடந்தது.

அதே வருடம் திருவனந்தபுரத்தில் ஒரு குழுவுக்கு டிரம்மர் தேவைப்பட்டது. பழைய சிடியைக் கேட்டிருந்த ஒருவர் அவளைத் தேடிப் பிடித்தார். சனிக்கிழமைகளில் குழித்துறையில் ரயில் ஏறுவாள். ஒரு கையில் குச்சிகள், மறு கையில் ஜெயசிங் கட்டிக் கொடுத்த பப்ஸ் பெட்டி. தன்னைவிட வயது குறைந்த பையன்கள் நான்கு பேர் அவளைச் சேச்சி என்று கூப்பிட்டார்கள். பாட்டை எங்கே முடிப்பது என்று அவளிடம்தான் கேட்டார்கள்.

2016-ல் ஜிபின் லீவுக்கு வந்திருந்தபோது, ஜெயசிங்கோடு சேர்ந்து அவள் வாசிப்பதைக் கேட்கத் திருவனந்தபுரம் வந்தான். மாலை நேரம், திறந்தவெளி மேடை. ஜெயசிங் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு முதல் வரிசையில் பெருமையாக உட்கார்ந்திருந்தான். ஜிபின் கடைசிவரை நின்றே கேட்டான். நிகழ்ச்சி முடிந்து மூவரும் சாயா குடிக்கும்போது சொன்னான்:

"நீ இவ்வளவு பைய அடிப்பேன்னு எனக்குத் தெரியாது ராகேலே. நான் பாடும்போ எல்லாம் என்னா அடி அடிச்சே!"

"நீ பாடுறது கேக்கப்பிடாதுன்னுதான்," என்றாள் ராகேல்.

ஜிபின் சாயாவைத் துப்பிவிட்டான். சட்டை முழுக்க. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவன், "ஏழு வருஷமா?" என்று கேட்டான்.

"ஆறு. கடைசி வருஷம் கொஞ்சம் நல்லா பாடினே."

நாகர்கோவில் வண்டிக்குப் பதினைந்து நிமிடமே இருந்தது. ராகேலின் குச்சிப் பையை ஜிபின் தூக்கிக்கொண்டான். ஜெயசிங் முன்னால் ஓடி ஆட்டோ பிடித்தான். வண்டியில் இடம் கிடைத்தது. நெய்யாற்றங்கரை வருமுன் ஜிபின் தூங்கிப்போனான். ராகேல் ஜன்னலோரம் உட்கார்ந்து, திங்கட்கிழமை கவுண்டரில் புதிய மென்பொருள் வருகிறதாமே, அதை யார் படிப்பது என்று புருஷனிடம் அலுத்துக்கொண்டே பப்ஸ் தின்றாள்.