செரிங்க என்ற சொல்லும் ஒரு குட்டி விமானமும்

பாலக்காடு பக்கத்துப் பெருமாட்டியில் 'செரிங்க' என்றால் சரி என்று அர்த்தமில்லை. மூணாறு எஸ்டேட்டிலிருந்து மலையிறங்கி வந்த எனக்கு இது புரிவதற்கு ஒரு விமானம் தேவைப்பட்டது. அதே கேரளம்தான், பேச்சும் தமிழ்தான். ஆனாலும் மலையிலிருக்கும் சொந்தங்களே, நான் வேறு நாட்டில்தான் குடியிருக்கிறேன். அங்கே கங்காணி "ஏட்டி, இங்க வா" என்பார். இங்கே நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் கந்தசாமி அண்ணன், என் அப்பா வயதுக்காரர், "ஏனுங்க அம்மிணி, சாப்டீங்களா?" என்கிறார். முதலில் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

அண்ணன் தென்னந்தோப்புக்காரர். கோயம்புத்தூரில் விமானம் ஓட்டப் படித்து உரிமமும் வாங்கியவர். தேங்காய்க் கொட்டகையிலேயே சின்ன விமானம் ஒன்றைத் தன் கையால் கட்டிக்கொண்டிருந்தார். "தேங்கா பறிக்கறதுக்குங்களா?" என்று ஊரே கிண்டலடித்தது. மனுஷன் சிரித்துக்கொண்டே அடுத்த ரிவெட்டை அடித்தார். எங்கள் மலையில் ஒரு ஆள் இப்படிக் கிளம்பியிருந்தால் பேசியே கொன்றிருப்போம்!

நான் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் அழுத்தம் காட்டும் கேஜ்களைச் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். அதனால் வேகமானியையும் உயரமானியையும் பொருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. இறக்கைக்குக் கீழே மெல்லிய குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்க்காற்று அதற்குள் புகுந்து வேகமானியின் முள்ளைத் தள்ளும். அந்த முள் பொய் சொன்னால், தரையிறங்கும்போது வேகம் குறைந்தது தெரியாமல் அண்ணன் அப்படியே விழுந்துவிடுவார். அதுவும் வாளையார் கணவாய்க் காற்று எந்த நேரத்தில் எப்படித் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. "நீங்க பாத்தாப் போதுமுங்க" என்று சொல்லிவிட்டார் அவர்.

சோதனை நாளில் அவர் விமானத்துக்குள் முள்ளைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் வெளியே குழாயில் ரப்பர் டியூபை மாட்டி, சிரிஞ்சால் மெல்லக் காற்றை அழுத்தினேன். கைக்கு நன்றாக இறுகியது.

"அண்ணே, முள்ளு அறுபதுக்கு வரணும்!" என்று கத்தினேன்.

"செரிங்க!"

வந்துவிட்டது என்று டியூபைக் கழற்றிவிட்டேன். மறுநாள் ஓடுதளத்துக்குக் கொண்டுபோக லாரிகூடப் பேசியாகிவிட்டது. கொட்டகையைப் பூட்டும்போது அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, காத்தடிச்சுப் பாக்கறது எப்பங்க?"

"அடிச்சாச்சே! சரின்னு சொன்னீங்களே!"

"ஐயோ, நீங்க சொன்னது கேட்டுதுன்னு சொன்னனுங்க. முள்ளு அசையவே இல்லீங்க."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். எங்கள் எஸ்டேட்டில் மேஸ்திரி என் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பார். இவரோ பூட்டைத் திறந்து லைட்டைப் போட்டார். வேகமானியைக் கழற்றிவிட்டு உள்பக்கமிருந்து காற்றை ஊதினோம். குழாயின் மூக்கிலிருந்து மண் உதிர்ந்தது. குளவி கூடு கட்டியிருந்தது! சிரிஞ்சு இறுகியதும் அதனால்தான்.

திரும்பப் பொருத்தியதும் கறாராகச் சொன்னேன்: "அண்ணே, இனிமே நம்பரை மட்டும் சொல்லணும். செரிங்கன்னு சொல்லவே கூடாது."

"செரிங்க" என்றார்.

அனுமதியெல்லாம் கைக்கு வந்ததும், மாநில எல்லைக்கு அப்பால் ஒரு தனியார் ஓடுதளத்தில் அண்ணன் பறந்தார். காற்று பக்கவாட்டில் தள்ளியது. வாக்கி டாக்கியில் அவர் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "எம்பதுங்க... எழுவதுங்க... அறுவத்தஞ்சுங்க..." எண்ணுக்கும் மரியாதை கொடுக்கிற ஊரப்பா இது! சக்கரம் தரையைத் தொட்டதும் நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா மூணாற்றிலிருந்து கூப்பிட்டாள். எப்போதும் போடும் அதே பாட்டு. "ஏட்டி, அங்க கெடந்தது போதும். இங்க பேக்டரில ஆள் எடுக்காவ. வந்துரு."

அண்ணன் விமானத்திலிருந்து இறங்கி என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே அம்மாவுக்குப் பதில் சொன்னேன்.

"செரிங்கம்மா."

'நீ சொன்னது கேட்டது' என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். அந்தப் பக்கம் அம்மா, "பிள்ள வாரேன்னு சொல்லிட்டா!" என்று லயத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தாள்.