உபதேசியார் சொன்னதும் அக்கா கேட்டதும்

1970 ஏப்ரல் 7, செவ்வாய், காலை ஆறு பத்து. காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் வேலைக்கு நின்றவர்கள் முப்பத்தெட்டுப் பேர். "நம்ம உபதேசியார் போயிட்டாருங்க" என்றார் கங்காணி. தெரணியகலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டதாம்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆலயத்தில் பதினைந்து வருடம் பிரசங்கித்த யோவான் உபதேசியாரை அறிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். நான் பெக்டரி மெக்கானிக். புகழ்ந்து எழுத வராது.

போன வருடம் ஆலயத்தில் ஒலிபெருக்கி பொருத்தினேன். ஒரே வாரம்தான். "கழட்டிரு தம்பி. சத்தம் கூடுனா சனம் தலைய ஆட்டுது, கேக்க மாட்டேங்குது" என்றார். கோபத்தில் வயரை மட்டும் பிடுங்கினேன். பெட்டி இன்னும் சுவரில்தான் இருக்கிறது.

இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போடுவதா, இலங்கைக் குடியுரிமைக்கா என்று எங்கள் லயக் குடியிருப்பே குழம்பிக் கிடந்த பெப்ரவரியில், ஆண்டவர் சொன்னதும் ஊரை விட்டுப் புறப்பட்ட வேதாகமத்து முற்பிதாவைப் பற்றிப் பிரசங்கித்தார். மறுநாளே ஒன்பது குடும்பங்கள் இந்திய மனுவுக்கு வரிசையில் நின்றன. முதலில் என் அக்கா. "கர்த்தரே பேசிட்டாருடா. இனி என்ன யோசனை?"

நேரே உபதேசியார் வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். "உங்க பேச்சால லயம் பாதி காலியாகப் போகுதுங்க!" அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "ஐயோ தம்பி, அந்த முற்பிதாவோட விசுவாசத்தைத்தானே சொன்னேன். மனுவப் பத்தியா சொன்னேன்?"

அடுத்த ஞாயிறு சபை முன் அதையே சொன்னார். "மனு உங்க வீட்டு யோசனை. என் பிரசங்கத்து மேல ஏத்தாதீங்க."

ஒருவரும் மனுவைத் திருப்பி வாங்கவில்லை. அக்கா சிரித்தாள். "உபதேசியாருக்குப் பயம் வந்திருச்சு. அவருக்கு வந்தா கர்த்தரோட வார்த்தைக்கு வருமா?"

அவளிடம் இருப்பது விசுவாசமா, பிடிவாதமா? எனக்குப் புரியவில்லை. எஞ்சினில் கோளாறு என்றால் பிரித்துப் பார்ப்பேன். இதை எங்கே பிரிப்பது?

போன சனிக்கிழமை உபதேசியார் பெக்டரி வாசலில் நின்றார். "நீ எந்த நாட்டுக்கு மனுப் போட்ட?"

"இன்னும் எதுக்கும் போடலீங்க. நீங்க?"

"நானும் போடல. பேசுனவன் நான்தான். ஆனா நானே இன்னும் கேட்டு முடிக்கல, தம்பி."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு பேச்சுதான். ஆகவே:

1. ஒலிபெருக்கிப் பெட்டியைச் சுவரிலிருந்து இறக்குவேன்.
2. அக்காவோடு இனிச் சண்டையில்லை. அவள் கேட்டது அவளுடையது.
3. ஞாயிறு ஆலயத்துக்குப் போவேன், யார் பேசினாலும்.
4. மனுவுக்குக் கடைசி நாள் ஏப்ரல் முப்பது. அதற்குள் நானும் கேட்டு முடிக்கப் பார்ப்பேன்.