கரிப்புலியின் பதினோரு நிமிஷம்

மஸ்தான் பாய் போய்விட்டார். காலையில் ஷிஃப்ட் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலி... ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். ஃபோனைத் திறந்தால் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் அவரைப் பற்றிய அந்தப் பாட்டு. கூடவே அழுகிற பொம்மைகள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டுகிற கரியை வாரிப்போடும் கான்ட்ராக்ட் தொழிலாளி அவர். லீவு நாளில் பொருட்காட்சி ரிங்கில் கருப்பு முகமூடி போட்டுக்கொண்டு ‘கரிப்புலி’ ஆகிவிடுவார். டிவியில் வருகிற ரெஸ்லிங் மாதிரிதான், நம்ம ஊர் அளவுக்கு.

அவர் வில்லன். யார் ஜெயிப்பது என்று முன்னாடியே பேசி வைத்திருப்பார்கள். கடைசியில் விழுவதுதான் அவர் வேலை.

காலேஜ் படிக்கும்போது நானும் செல்வமும் ஒரு பேண்ட் வைத்திருந்தோம். பேண்ட் என்றால்... நான் கிடார், அவன் டிரம்ஸ், குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் ஷெட். பாப் பங்க் என்று பீற்றிக்கொள்வோம். கிடாரில் மூன்றே கார்டு, மீதியெல்லாம் கத்தல்.

ஊரே ஹீரோவுக்குக் கை தட்டும். நாங்கள் கரிப்புலிக்குத்தான் விசில் அடிப்போம். அந்த ஆசையில் எழுதிய பாட்டு அது. சத்தியமாகக் கிண்டல் இல்லை... சரி, கொஞ்சம் கிண்டல்.

“கரிப்புலி வருது வழிய வுடு
கயித்தப் புடிச்சு உறுமுது பாரு
மூணே நிமிஷம்... மூணே நிமிஷம்...
மல்லாக்க வுழுந்துச்சு தூக்கி வுடு!”

வீடியோவில் அவருடைய முகமூடிப் படம் மட்டும்தான். எங்கள் முகமோ பெயரோ இல்லை. ஒரே வாரத்தில் டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகப் பரவி, வடலூர் பஸ்ஸில் எல்லாம் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் கத்திக்கொண்டிருந்தோம். வாசலில் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார் மஸ்தான் பாய். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். செத்தோம் என்று நினைத்தேன்.

“பாட்டு ஜோரா கீது தம்பி. ஆனா நான் நிக்கிறது மூணு நிமிஷம் இல்ல. பதினோரு நிமிஷம்.”

“ட்யூனுக்கு உக்காரல பாய்” என்றேன். என்ன திமிர் எனக்கு!

அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே என் தலையைக் கக்கத்தில் இடுக்கினார். “செல்வம், ஃபோன்ல டைம் பாரு” என்றார்.

முதல் இரண்டு நிமிஷம் சிரித்தேன். நான்காவது நிமிஷம் பயம் வந்தது. துளி வலி இல்லை, மூச்சும் நன்றாக வருகிறது... ஆனால் வெளியே வர முடியவில்லை. உதைத்தேன், கெஞ்சினேன்.

“நான் வுட மாட்டேன். ஆனா வலிக்குதா? வலிக்காது. இப்பிடியே புடிச்சிகினு பதினோரு நிமிஷம் ஜனத்த உக்கார வெக்கணும், எதிராளிக்கும் ஒண்ணும் ஆவக்கூடாது. இதான் தம்பி என் தொழிலு.”

பதினோரு நிமிஷம் ஆனதும் விட்டார். அவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை. “இப்ப மாத்துவியா?”

“மாத்திடுறேன் பாய்.”

மாற்றவில்லை. செமஸ்டர் வந்தது, செல்வம் துபாய் போனான், கிடார் பரண் மேல் ஏறியது. சாக்கு சொல்ல ஆயிரம் இருக்கிறது.

அதற்குள் பாட்டு தன் வேலையைக் காட்டிவிட்டது. மூன்றாவது நிமிஷம் வந்ததும் ரிங்கைச் சுற்றி ஜனம் “வுழு! வுழு!” என்று கத்த ஆரம்பித்தது. ஷோ நடத்துகிறவர், ஜனம் அதைத்தானே கேட்குது, மூணு நிமிஷத்தில் விழுந்துவிடு என்று சொல்லிவிட்டார்.

குள்ளஞ்சாவடியில் அதை நான் கண்ணால் பார்த்தேன். மூன்றாவது நிமிஷம் மல்லாக்க விழுந்து லைட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தார். என்னைச் சுற்றி எல்லோரும் என் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் நானும் அதே கான்ட்ராக்ட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். வேறு எங்கேயும் கிடைக்கவில்லை. பெர்மனென்ட் ஆகிவிடும், ஆகிவிடும் என்று அவரைப் போலவே காத்திருந்தேன், இன்னமும் காத்திருக்கிறேன்.

கேண்டீனில் அவர் தலை தெரிந்தால் “மூணு நிமிஷம் வந்தாச்சு, டீ போடு” என்பார்கள். மைன்ஸில் அவருடைய சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தப் பாட்டை எழுதியது நான்தான் என்று அவர் ஒரு நாளும் யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை.

என்னைத் தனியாகப் பார்த்தால் மட்டும் “மாத்திட்டியா தம்பி?” என்பார். முதலில் சிரித்துக்கொண்டு கேட்பார். பிறகு சிரிப்பு இல்லாமல். கடைசி இரண்டு வருஷம் கேட்கவே இல்லை. திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

இன்றைக்கு அடக்கத்துக்குப் பண்ருட்டியிலிருந்து ராஜவேல் அண்ணன் வந்திருந்தார். எப்போதும் கரிப்புலியை ஜெயிக்கிற ஹீரோ அவர்தான். முந்திரி கம்பெனியில் மூட்டை ஏற்றுகிறவர். குழந்தை மாதிரி அழுதார்.

“ஒருவாட்டி நான் தப்பா குதிச்சிட்டேன். கழுத்து போயிருக்கும். பாய் அடில வந்து தாங்கிகினாரு. அவரு தோள்பட்டதான் எறங்கிச்சு. வெளிய ஒரு வார்த்த சொல்லல.”

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஏன் தம்பி, அந்தப் பாட்ட எழுதுனவன் இந்த ஊருக்காரன்தானாம். யாருன்னு தெரியுமா?”

“தெரியாதுண்ணே” என்றேன்.

கபர்ஸ்தான் வாசலில் நின்றுகொண்டு, ஈர மண் ஒட்டிய கையோடு, அப்படிச் சொன்னேன்.

ராஜவேல் அண்ணே... நான்தான் எழுதினேன். அவர் பதினோரு நிமிஷம் நிற்பவர் என்று தெரிந்தும் மாற்றாமல் விட்டவனும் நான்தான்.

போயிட்டு வாங்க பாய்.