வீட்டில் யாராவது பிடிப்பார்களா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் எனக்கு வேலை. இருபத்தாறு வருடம் சிகரெட் பிடித்தேன். பட்டறை வாசலில் நாலைந்து, மிச்சமெல்லாம் வீட்டில். நூம்பலில் எங்களுக்கு ஒற்றை அறையும் சமையல்கட்டும்தான். சாயங்காலமானால் என் மனைவி கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துவாள். நான் கட்டிலில் சாய்ந்துகொண்டு பற்றவைப்பேன். வெளியே போய்ப் பிடி என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு இருமல் வந்தது. விடவே இல்லை. எக்ஸ்ரே, ஸ்கேன், கடைசியில் ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனை. வலது நுரையீரலில் புற்றுநோய், ஆரம்ப நிலை என்றார்கள். அந்த நோய் வந்தால் எனக்குத்தான் வரும் என்று எப்போதோ மனதைத் தயார்படுத்தி வைத்திருந்தேன். அவளை நினைத்ததே இல்லை.

பெண் டாக்டர் ஒருவர் கோப்பைப் பார்த்தபடி அவளிடம் கேட்டார். “நீங்க சிகரெட் பிடிச்சதில்ல. சரி, வீட்ல யாராவது பிடிப்பாங்களா?”

“யாருமில்ல மேடம்,” என்றாள் என் மனைவி.

என் சட்டைப் பையில் பாக்கெட் துருத்திக்கொண்டிருந்தது. கையால் மறைத்தேன். வாயைத் திறந்தால் அவள் பொய் சொன்னவள் ஆவாள். திறக்காவிட்டால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியும். டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

“சொன்னா இன்னா ஆவப்போவுது? உன்னியத் திட்டுவாங்க. நீ அந்த ரோசத்துல இன்னும் நாலு சேத்துப் புடிப்ப.”

அவளை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போய் உண்மையைச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. ஒருத்தருக்கு இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். ஆனால் மூடின அறையில் வருடக்கணக்காக அடுத்தவர் புகையைச் சுவாசித்தால் ஆபத்து கூடும், அதில் சந்தேகமில்லை என்றார். உடனே விடச் சொன்னார். எனக்கும் ஒரு ஸ்கேன் எழுதிக்கொடுத்தார்.

என் ஸ்கேனில் ஒன்றுமில்லை. அவள் அதை அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சந்தோஷமாகச் சொன்னாள். என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

அறுவை சிகிச்சையில் நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்தார்கள். டாக்டர் சொன்னபடி விட்டிருந்தேன். ஆனால் அவள் வீடு திரும்பிய மூன்றாவது வாரமே பட்டறைக்குப் பின்னால் நின்று ஒன்று பிடித்தேன். வாயைக் கொப்பளித்து, ஏலக்காய் மென்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். அவள் என் சட்டையை மட்டும் தனி வாளியில் ஊறவைத்தாள். நாலு தடவை இப்படி நடந்தது. நாலு தடவையும் தனி வாளி. அதற்குப் பிறகு பிடிக்கவில்லை. ஐந்து மாதம் ஆகிறது. ஆசை மட்டும் போகவில்லை.

இப்போது தெருமுனைக் கடைவரை நிற்காமல் நடக்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. முடிவு வரும்வரை இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பார்க்க வரும் சொந்தக்காரர்கள், ஒரு கெட்ட பழக்கமும் இல்லாத பொம்பளைக்கு இது எப்படி வந்தது என்று ஆச்சரியப்படுகிறார்கள். யாருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு அவள் டீ போட எழுந்து போகிறாள். நான் அவர்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.