நான் பேசி முடிக்கும் வரை

எனக்குச் சிறு வயதிலிருந்தே பேச்சு திக்கும். 'க'வோ 'ம'வோ வந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் வரைபடம் போடும் வேலை. அங்கே பென்சில் பேசினால் போதும். வீட்டில் மனைவி என் முகத்தைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்வாள். ஆனால் படித்த நாவல்களைப் பற்றி யாரிடம் பேசுவது?

ஒருமுறை மயிலாப்பூரில் நடந்த வாசகர் கூட்டத்தில் துணிந்து எழுந்தேன். 'கதாநாயகி' என்று தொடங்கப் போய் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டேன். முன்வரிசையில் இருந்த ஒருவர், உதவி செய்வதாக நினைத்து, "கதை நல்லாருக்குங்கறார்" என்று முடித்துவைத்தார். எனக்கு அந்தக் கதை பிடிக்கவே இல்லை. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தேன். பிறகு எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், பட்டறை வேலையாக மின்னஞ்சல் அனுப்பத் தி. நகரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போக ஆரம்பித்தேன். அங்கேதான் தமிழ் நாவல்களைப் பற்றி எழுதிக்கொள்ளும் ஒரு மின்னஞ்சல் குழு கண்ணில் பட்டது. உலகத்தின் பல மூலைகளில் இருந்தவர்கள். அந்தக் கணினியில் தமிழ் எழுத்து வராது. தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். பள்ளி பல்லியாகும், வாழை வாலையாகும். யாரும் பொருட்படுத்தவில்லை.

மீனவக் குடும்பம் ஒன்றைப் பற்றிய நாவலுக்கு என் முதல் விமர்சனத்தை எழுதினேன். தங்கைக்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகும் அண்ணனைக் கோழை என்று சொல்லியிருந்தேன். தட்டத் தட்ட வந்துகொண்டே இருந்தது. எந்த எழுத்திலும் கை நிற்கவில்லை. சென்டர்காரர் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், ஆபீஸ் மெயிலுன்னு சொன்னே, ராமாயணம் எழுதிகினு கீறே?"

சிரித்தேன். அடுத்த சனிக்கிழமை போனபோது பதில்கள் வந்திருந்தன. மிக நீளமானது சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண்மணி எழுதியது. வரிக்கு வரி மறுத்திருந்தார். 'அந்த அண்ணனைக் கோழை என்கிறீர்களே, நீங்கள் வீட்டில் மூத்தவராகப் பிறந்தவரா?' என்று முடித்திருந்தார். இரண்டு முறை படித்தேன். என் பேச்சை முழுக்கக் கேட்டுவிட்டு ஒருவர் என்னோடு சண்டை போடுவது அதுதான் முதல் தடவை. பாண்டி பஜார் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு நடந்தபோதும் முகத்தில் சிரிப்பு போகவில்லை.

ஒரு வருஷம் போல அவரும் நானும் புத்தகம் புத்தகமாக மோதிக்கொண்டோம். பிறகு அவர் சென்னைக்கு வருவதாக எழுதினார். அடையாறில் உறுப்பினர் ஒருவர் வீட்டில் எல்லோரும் சந்திக்கலாம் என்று முடிவானது. உடம்பு சரியில்லை என்று எழுதிவிடலாம் என இருந்தேன்.

"எழுத்துல அவங்கள அந்த வாங்கு வாங்கிட்டு, நேர்ல பாக்க மாட்டேன்னா நல்லாவா இருக்கு?" என்றாள் மனைவி. இஸ்திரி போட்ட சட்டையைக் கையில் கொடுத்தாள்.

கூடத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பெண்மணி பருத்திப் புடவையில், மூக்குக்கண்ணாடியோடு, ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். நான் எந்தப் புனைபெயரில் எழுதுகிறேன் என்பதைச் சொல்வதற்குள்ளேயே வியர்த்துவிட்டது. எல்லோர் முகத்திலும் ஆச்சரியம். பக்கம் பக்கமாக எழுதுகிறவன் இவனா?

சிங்கப்பூர்ப் பெண்மணி மட்டும் சட்டென்று அந்த மீனவ அண்ணனின் பேச்சை எடுத்தார். "இப்பவாவது சொல்லுங்க, அவர் கோழையா?"

"நானும் மூ... மூ..." என்று நின்றேன். பக்கத்தில் இருந்த வங்கி அதிகாரி ஒருவர், "மூணு தடவை படிச்சீங்களா?" என்று எடுத்துக்கொடுத்தார்.

"சார், கொஞ்சம் இருங்க. அவரே சொல்லட்டும்," என்றார் அந்தப் பெண்மணி. பிறகு என்னைப் பார்த்து, "நீங்க நாலு பக்கம் எழுதினா உக்காந்து படிக்கிறேன் இல்ல? இதுக்கு மட்டும் எனக்கு என்ன அவசரம்?" என்றார்.

காபி ஆறியது. யாரும் டம்ளரைத் தொடவில்லை.

"நானும் மூத்தவன்தான். தங்கை கல்யாணம் முடிஞ்சப்புறம்தான் நான் பண்ணிக்கிட்டேன். அது தியாகம் இல்லைங்க. பெண் வீட்ல போய்ப் பேசப் பயம். தள்ளிப்போட ஒரு சாக்கு கிடைச்சுது. அதனாலதான் அவனைக் கோழைன்னு எழுதினேன்."

இவ்வளவையும் சொல்ல எவ்வளவு நேரம் பிடித்தது என்று தெரியாது. ஒருவர்கூட நடுவில் புகவில்லை. வங்கி அதிகாரி என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிறு அந்த அடையாறு வீட்டிலேயே கூடினோம். திக்கல் போய்விடவில்லை. ஆனால் நான் பேசினேன், அவர்கள் கேட்டார்கள். அதற்கு அவர்கள் எல்லோருக்கும் கடன்பட்டவன் நான்.

சிங்கப்பூர் திரும்பியதும் அந்தப் பெண்மணி குழுவுக்கு எழுதினார். 'சென்னை நண்பர் சொன்ன காரணம் மனதைத் தொட்டது. ஆனாலும் அது அவருடைய கதை, நாவலில் உள்ள அண்ணனின் கதை அல்ல. என் கட்சியை நான் மாற்றிக்கொள்ளவில்லை.'

உடனே பதில் எழுத உட்கார்ந்தேன்.